உறைபனியும் வெப்பப் பம்பியும்

உறையும் குளிர்காற்றிலும் வெப்பம் உண்டென்றால் வியப்பாகத் தோன்றும். அதனைத் திரட்டி வீட்டினுள் சேர்ப்பதே வெப்பப் பம்பி. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1852இல் எடுத்துரைத்த இத்தத்துவம், இன்று நம்மவர் பலர் வாழும் கனடா முதலிய குளிர்நாடுகளிற் பல இல்லங்களைக் காக்கின்றது.

வெளியேயுள்ள சுருள் காற்றினும் குளிர்ந்திருந்தாலன்றி வெப்பத்தைப் பெறாது. ஆகவே, வெளியில் 4 பாகை செல்சியசு வெப்பநிலை இருக்கும்போதும் காற்றின் ஈரம் அதன்மீது உறைபனியாகப் படியலாம். இது பழுதன்று. உரிய வேளையிற் கட்டுப்பாட்டுக் கருவி குளிரூட்டி வாயுவின் ஓட்டத்தைத் திருப்பும், வெளிவிசிறி நிற்கும், சூடான வாயு பனியை உருக்கும். அப்போது எழும் ஆவியைப் புகையென அஞ்ச வேண்டா.

பனி கரையாது கட்டியாயின் ஆராய்தல் வேண்டும். சுருள் முழுதும் மூடியிருப்பின் வெப்பவுணரியையும் திருப்பு வால்வையும் சோதிக்க வேண்டும். குளிரூட்டி நுழையும் பக்கம் மட்டும் உறைந்திருப்பின் அது குறைந்திருக்கலாம்.

இவ்விடத்திலேதான் பலர் வீண்செலவு செய்கின்றனர். குளிரூட்டி, விளக்கிலிட்ட எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாயினுட் சுற்றிவருவது. குறைந்ததெனில் எங்கோ கசிவு உண்டு. அதை அடைக்காது மேலும் இடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். அளவு மிஞ்சினாலோ அமுக்கியே பழுதாகும். கடுங்குளிரில் அமுக்கமானியை மட்டும் நம்பலாகாது. உள்ளதைக் கலத்தில் மீட்டெடுத்து, பொறியின் தகட்டிற் குறித்த நிறையைத் தராசில் நிறுத்து இடுவதே நம்பத்தக்க முறை. "கசிவு எங்கே? எத்தனை கிராம் இட்டீர்?" என்று வினவுதல் வீட்டாரின் கடமை.