பங்குப் பத்திரம் வாங்கி ஏமாந்தால்?

ராத்தா என்றும் அக்கா என்றும் உறவு சொல்லிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். கையில் மினுங்கும் தாளில் அச்சடித்த பங்குப் பத்திரம். "எங்கள் கம்பனியில் பங்கு வாங்குங்கள், மாதாமாதம் இலாபம் வரும்" என்கிறார்கள். கற்பிட்டி முதல் உடப்பு வரை எமது கரையோரப் பெண்களிடம் இருக்கும் காசு எது? கருவாடு விற்ற காசு, வெங்காயத் தோட்டத்துக் கூலி, மகள் குவைத்திலிருந்து அனுப்பியது. 1990இல் உடுத்த உடையோடு வடக்கிலிருந்து வந்தவர்கள் பின்னர் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த நகை. இதுதான் அந்தத் தாளுக்கு மாறிப்போகிறது.

சகோதரிகளே, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரு தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. அதன் பங்காளர்கள் 50 பேருக்கு மேற்படவும் கூடாது. வீடு வீடாகப் பங்கு விற்கும் தனியார் கம்பனி அங்கேயே சட்டத்தை மீறிவிட்டது. பங்குச் சந்தையில் உள்ள கம்பனியின் பெயர் 'பிஎல்சி' என்று முடியும். அதன் பங்கை விற்கும் தரகருக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். "கம்பனி பதிவு செய்தது" என்று சான்றிதழைக் காட்டுவார்கள். பதிவு வேறு, பொதுமக்களிடம் காசு வாங்கும் அனுமதி வேறு. பெரும்பாலானோர் இடறி விழுவது இவ்விடத்தில்தான்.

படித்தவர்களும் விழுந்தார்கள். 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனி சரிந்தது. பெரிய வர்த்தகக் குழுமமொன்றின் பெயர் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரின் கோடிக்கணக்கான ரூபா சிக்கிக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. 2011இல் வந்த 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அனுமதியின்றி வைப்புப் பெறுவதைத் தடைசெய்கிறது.

அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத பங்கை வாங்கியவர் பங்கைத் திருப்பிக் கொடுத்து, போட்ட காசை வட்டியோடு கேட்டு வழக்காடலாம். எமது நாட்டில் பாதை சற்றுச் சுற்றானது.

பொய் சொல்லிக் காசு வாங்கியது ஏமாற்றுதல். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் ஏழு வருடம் வரை சிறை உண்டு. பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் விற்றவரைச் சிறையில் போட்டால் மட்டும் காசு வராது. அதற்கு, வஞ்சகத்தால் செய்த ஒப்பந்தத்தை நீக்கிக் காசைத் திருப்பித் தரும்படி குடியியல் வழக்கு வைக்க வேண்டும். சிறு தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து வைப்பதுதான் பெரிய கேடு. காலவரையறைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், நட்டஈட்டுக்கு இரண்டு வருடம் மட்டுமே தருகிறது. பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, தொலைபேசிச் செய்தி எதையும் வீசாதீர்கள். மூலப் பத்திரத்தை விற்றவர் திருப்பிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், பிரதி எடுத்துக் கொடுங்கள்.

காசு கொடுக்கும் முன்னரே மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து, அந்தக் கம்பனிக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். வைப்புக் காப்புறுதியின் 11 இலட்சம் ரூபா வரையான பாதுகாப்பு அனுமதி பெற்ற நிறுவன வைப்புகளுக்கு மட்டுமே.

காசைத் திருப்பிக் கேட்கும்போது சிலர், "இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், உங்கள் காசு வந்துவிடும்" என்பார்கள். அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டம் அதைத் தடைசெய்துள்ளது. அடுத்த வீட்டுப் பிள்ளையை அதில் சேர்த்துவிட்டால், முறைப்பாட்டில் நாளை உங்கள் பெயரும் இருக்கும்.