வெள்ளச்சியும் அரை மாத்திரையும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நான் என்ஜினைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். ஆட்டோமொபைல் மூன்றாமாண்டு மாணவன் வேறு என்ன எழுதுவான்? ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

விடுதி மெஸ்ஸில் வளைய வந்துகொண்டிருந்த வெள்ளைப் பூனையை உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். வெள்ளச்சி. மீன் குழம்பு நாளில் ஆளுக்கொரு துண்டு போட்டு நாம் எல்லோரும் சேர்ந்து வளர்த்த பூனை. 2024 நவம்பருக்குப் பிறகு அவளைக் காணோமே என்று கேட்டவர்களிடம், "எங்கயாவது குட்டி போடப் போயிருப்பாடா" என்று சொல்லி வந்தேன். அது பொய். வெள்ளச்சி செத்துப் போய்விட்டாள். அவளுக்கு விஷம் கொடுத்தது நான்தான். விஷம் என்று தெரியாமல், நல்லது செய்வதாக நினைத்துக் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். அந்த வாரம் முழுக்க மழை. இரண்டு நாளாக வெள்ளச்சி சாப்பிடவில்லை. மெஸ்ஸில் அரிசி மூட்டை மேல் சுருண்டு படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. எனக்கும் அப்போதுதான் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. அட்டையில் மிச்சம் நாலு பாராசிட்டமால், 500 மில்லிகிராம். முழுசாகக் கொடுத்தால் அதிகம் என்று (அவ்வளவு புத்தி இருந்தது!) பாதியாக உடைத்து, பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, ரூம்மேட் பிடித்துக்கொள்ள ஸ்பூனால் ஊற்றினேன். இரவு பத்து மணி இருக்கும். பாதி வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். பாவி, முழுவதையும் விழுங்கிவிட்டாள்.

காலையில் முகம் வீங்கிக் கிடந்தது. முன்னங்கால் பாதம் இரண்டும் பொதபொதவென்று இருந்தன. வாயால் மூச்சு வாங்கினாள். அட்டைப்பெட்டியில் வைத்து பைக்கில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்கவில்லை. "என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்றுதான் கேட்டார்.

சொன்னேன். பெட்டியோடு எடை பார்த்தார். வெள்ளச்சி இரண்டரை கிலோ. "250 மில்லிகிராம், இரண்டரை கிலோ. ஒரு கிலோவுக்கு எவ்வளவு தம்பி?" நூறு. அறுபது கிலோ உள்ள நான் முழு மாத்திரை போட்டாலும் ஒரு கிலோவுக்கு எட்டு மில்லிகிராம்தான் வருகிறது. பூனைக்கோ ஒரு கிலோவுக்கு பத்து மில்லிகிராமிலேயே விஷம் ஏறியதாகப் பதிவுகள் இருக்கின்றனவாம். பாதியாக உடைத்ததில் ஒரு புண்ணியமும் இல்லை.

பிறகு அவர் கேட்டது இன்னும் சுருக்கென்றது. "காய்ச்சல்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" நாய், பூனை இரண்டுக்கும் உடம்புச் சூடு இயல்பாகவே சுமார் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். வெள்ளச்சிக்குக் காய்ச்சலே இருந்திருக்காதோ என்னவோ!

இதற்கு மாற்று மருந்து உண்டு. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டாலும் கொடுப்பது இதைத்தான். என் ரூம்மேட் ஓடிப்போய் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்தான். ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆனால் மருந்து உள்ளே போகும்போது காலை பத்தரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மதியம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துபோனது.

அதற்கப்புறம் அந்த டாக்டரம்மாவிடம் நாலைந்து முறை போய் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து எதுவானாலும் வேலை முடிந்ததும் உடம்பு அதை வெளியேற்ற வேண்டும். மனிதனின் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலம் என்ற ஒன்றை மருந்தோடு ஒட்டவைத்து, சிறுநீரில் கரைந்து போகிற மாதிரி செய்து அனுப்பிவிடுகிறது. பாராசிட்டமாலை ஒட்டவைக்கும் நொதியைச் செய்கிற மரபணு பூனைக்குப் பழுது. சிங்கம், புலி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். காலங்காலமாக இறைச்சி மட்டுமே தின்ற குடும்பம் அல்லவா, செடிகொடிகளில் உள்ள ரசாயனங்களைக் கழிக்கும் தேவை இல்லாமல் அந்த மரபணு கெட்டுப்போயிருக்கலாம் என்கிறார்கள். வெளியேற வழியில்லாத மருந்து உடம்பிலேயே வேறு பொருளாக மாறி, இரத்தத்தில் கைவைக்கிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. நம் பாஷையில் சொன்னால் துருப்பிடிக்கிற மாதிரி. அதன் பிறகு அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. ஈறு பழுப்பானது அதனால்தான். நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சு முட்டியதும் அதனால்தான்.

ஒரு உடம்புக்கு மருந்து இன்னொரு உடம்புக்கு விஷம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் கிட்னியைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாக அழித்தது. 2004-ல் அது நிரூபணமாகி, 2006-ல் கால்நடைகளுக்கு அதைப் போட இந்தியாவில் தடை வந்தது. வீட்டில் மூட்டுவலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தால் வயிற்றில் புண் விழும், கிட்னி கெடும். ஆக, நம் மாத்திரை அட்டை எதுவும் அதுகளுக்கு ஆகாது.

பூனையின் கல்லீரலுக்கு உள்ள அதே குறையால் பினாயிலும் அதற்கு ஆகாது. கறுப்பு பினாயிலில் உள்ள ஃபீனால் வகைச் சரக்கும் அதே வழியில்தான் வெளியேற வேண்டும். பூனை பினாயிலைக் குடிக்க வேண்டியதில்லை. துடைத்த ஈரத் தரையில் நாலு தடவை நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். தரை காயும் வரை கதவைச் சாத்தி வையுங்கள். நாய்க்கு உண்ணி விழுவதற்காக முதுகில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. "மிச்சம் இருக்கே" என்று அதைப் பூனைக்கு விட்டால் உடம்பு உதறி வலிப்பு வந்துவிடும்.

பூனையின் ஹீமோகுளோபினும் நம்முடையதைவிடச் சுலபமாகத் தாக்கப்படுகிற ரகம். அதனால்தான் வெங்காயம் கூட அதற்கு விஷமாகிறது. ஆமாம், நம் சாம்பார் வெங்காயம்! வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களை உடைக்கின்றன. ஒரு கிலோ எடைக்கு ஐந்து கிராம் வெங்காயம் பூனைக்குக் கெடுதல் செய்யும். மூன்று கிலோ பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு இன்னும் கொஞ்சம் தாங்கும், கிலோவுக்கு 15 முதல் 30 கிராம். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் சிவந்து போகும். அதற்குள் பிரியாணி போட்டதை நாமே மறந்திருப்போம். பிறந்தநாள் கேக்கும் சாக்லேட்டும் இதே கதைதான். கோகோவில் உள்ள தியோப்ரோமினை நாய் கழிக்க நம்மைவிட அதிக நேரம் எடுக்கிறது. கறுப்பு சாக்லேட்டில் அது கூடுதல்.

இப்போது நம் டிபார்ட்மெண்ட் சமாச்சாரம். ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரைக் கழற்றும்போது டிரேயில் பிடித்து வைக்கிறோமே, பச்சைக் கூலன்ட், அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. கொஞ்சம் இனிப்பு. ஒர்க்‌ஷாப் நாய் டைகர் அந்த டிரேயை முகர்ந்துகொண்டு நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பகீர் என்கிறது. தண்ணீர் கலக்காத கூலன்ட் ஒரு டீஸ்பூன் போதும், ஒரு பூனையை முடித்துவிட. குடித்த சில மணி நேரத்துக்கு சாராயம் குடித்த மாதிரி தள்ளாடும். பிறகு தெளிந்துவிட்டது போலத் தெரியும். அங்கேதான் ஏமாறுகிறோம். கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து கிட்னிக்குள் படிகமாக அடைத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுவிடும். முறிவு மருந்தைப் பூனைக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தெளிந்த பிறகு காத்திருப்பது வீண். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் இதைச் சொன்னேன். இப்போது அந்த டிரேக்கு மூடி இருக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

எலி மருந்துக்கு வருகிறேன். இதுவாவது விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எலி மருந்தெல்லாம் ஒன்றல்ல. கடையில் கேக் மாதிரி விற்பது பெரும்பாலும் புரோமடையோலோன், 0.005 சதவீதம். தானியத்தில் செய்தது, ஆகவே நாயும் ஆசையாகத் தின்னும். இது இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யை உடம்பு மறுபடி பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. இந்த வகை மருந்து பிறந்த கதை வேடிக்கையானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. கேக்கைத் தின்ற நாய்க்கு இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது. பிறகு மூக்கில், மலத்தில், சில சமயம் வெளியே தெரியாமல் நெஞ்சுக்குள் இரத்தம் கசியும். நல்ல செய்தி, வைட்டமின் கே-1 கொடுத்தால் பிழைக்கும். ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தக்கூடாது.

இன்னொன்று கருஞ்சாம்பல் நிறப் பொடி, ஜிங்க் பாஸ்பைடு. வடையிலோ கருவாட்டிலோ வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். பூண்டு வாசம் அடிக்கும். இதைத் தின்ற நாய்க்கு "வெறும் வயிறா இருக்கே" என்று சோறு போட்டால் அமிலம் கூடி வாயுவும் கூடும். ஆட்டோவில் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். அது வாந்தி எடுத்தால் வாயு நமக்கும் ஆகாது.

நம் ஊர் கைவைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எது தின்றாலும் சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளிக் கரைசல் ஊற்றுவது நம் வழக்கம். மயங்கிக் கிடக்கும் பிராணிக்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் உப்பே விஷம். மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் குடித்திருந்தால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது, திரும்பி வரும்போது மறுபடி புண்ணாக்கும். புளி விஷயம்தான் எனக்கே புதிது. திராட்சை தின்ற நாய்களுக்குக் கிட்னி கெடுவது ஏன் என்று பல வருடம் புரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க விஷ மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்து புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி கிட்னி கெட்டதைப் பதிவு செய்தார்கள். புளியின் புளிப்பும் டார்டாரிக் அமிலம்தானே! ரசம் சோறு தின்றே வளர்ந்த நாய்கள் நம் தெருவில் ஆயிரம் இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே விஷம் ஏறிய நாய்க்குக் கெட்டிப் புளியைக் கரைத்து ஊற்றுவது வேறு விஷயம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தின்றதன் அட்டையோ டப்பாவோ மிச்சமோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல் கிளம்புங்கள். முக்கியமாக, நாம் கொடுத்த மாத்திரையை மறைக்காதீர்கள். டாக்டரம்மா கேட்டபோது ஒரு நிமிடம் எனக்கும் "ஒண்ணும் குடுக்கல மேடம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது.

மெஸ் ஸ்டோரில் எலி கேக்கை மரப்பெட்டிக்குள் வைத்து, எலி நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறோம். மாஸ்டர் அண்ணன் பூனைக்கென்று வெங்காயம் போடாத மீன் தனியாக எடுத்து வைக்கிறார். இப்போது அங்கே இரண்டு புதுப் பூனைகள் வருகின்றன.

வெள்ளச்சியைப் புதைத்தது ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். இவ்வளவு நாள் கேட்டவர்களிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.