மஹய்யாவயிலிருந்து மின்னேரியாவுக்கு: யானை பார்க்கப் புறப்படுமுன்

மஹய்யாவ ஊடாகப் போகும் பிரதான வீதிதான் ஏ9. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா கடந்து யாழ்ப்பாணம் வரை போகிறது. 1983 வன்முறைக்குப் பிறகு என் பெரியம்மா குடும்பம் இந்த வீதியால்தான் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியது. மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களைப் போல, அவர்களும் பிறகு யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். அக்காவின் பிள்ளைகள் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தபோது, யானை பார்க்க மின்னேரியாவுக்குப் போவோமா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள்: "எங்கட வாழைத்தோட்டத்துக்குள்ள வாற யானையைப் பாக்க நாங்கள் காசு குடுக்க வேணுமோ?"

அவள் கேட்டது நியாயம். 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். காடு என்றாலே பயம் என்பதற்கு அவளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006 மே மாதம் வில்பத்து பூங்காவுக்குள் கண்ணிவெடியில் ஜீப் ஒன்று சிக்கி, எழுத்தாளர் நிஹால் த சில்வா உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். 2010இல்தான் அந்தப் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. மின்னேரியாவின் கதை வேறு. 1997இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நடத்துகிறது. வாகனம் ஓடும் பாதைகள் வரையறுக்கப்பட்டவை, கண்ட இடத்தில் இறங்க விடமாட்டார்கள். பயந்த பிள்ளைகளைக் கூட்டிப் போக இந்தக் கண்டிப்பு நல்லது.

யானைகள் அங்கே ஏன் கூடுகின்றன என்று தெரிந்தால் திட்டமிடுவது சுலபம். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியா குளத்திலிருந்து சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். வறட்சியும் சேர, ஜூலையிலிருந்து குளம் வற்றிப் பின்வாங்கும். வற்றிய தரையில் இளம் புல் முளைக்கும். சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும்போது புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால், நல்ல ஆண்டுகளில் 200, 300 யானைகள் வரை அங்கே சேரும். ஆக, அந்தக் கூட்டத்தை உண்டாக்குவது காடு மட்டுமல்ல, வயலுக்குப் போகும் தண்ணீரும்தான்.

இதனால்தான் நாட்காட்டியை மட்டும் நம்பிப் போகக்கூடாது. 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வரத் தொடங்கிய பின், சில ஆண்டுகளில் வறட்சிக் காலத்திலும் குளம் நிறைந்தே இருந்தது. புல்தரை மூழ்கிப் போனது. விவசாயிக்கு அது நல்ல செய்தி, யானைக்கு அல்ல. அப்படியான நேரங்களில் அவை பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்கோ, ஹபரண வீதியோரத்து ஹுருலு காட்டுக்கோ நகர்ந்துவிடும். புறப்படுவதற்கு முதல் நாள் ஹபரணயில் ஒரு ஜீப் சாரதிக்குத் தொலைபேசி எடுத்து, "இப்ப யானை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். மூன்று இடங்களுக்கும் ஹபரணயிலிருந்தே போகலாம். மழைக்காலமென்றால் பெரும்பாலும் ஹுருலுவைத்தான் சொல்வார்கள்.

மஹய்யாவயிலிருந்து தம்புள்ளை சுமார் 70 கிலோமீற்றர். அங்கிருந்து ஹபரண இன்னொரு 25. வானில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். யானைகள் திறந்த வெளிக்கு வருவது பிற்பகலில் என்பதால், இரண்டரை மணிக்கு ஜீப்பில் ஏறினால் போதும். தம்புள்ளையில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் தம்புள்ளை வரை வரத் தேவையில்லை, மரதன்கடவலயில் ஏ9ஐ விட்டு ஹபரணப் பக்கம் திரும்பலாம்.

செலவில் பெரும்பகுதி ஜீப் வாடகைதான். ஆறு பேர் பகிர்ந்தால் தாங்கலாம், இரண்டு பேர் தனியாகப் போனால் கையைக் கடிக்கும். உள்நாட்டவரின் நுழைவுச்சீட்டு விலை சிறியது, ஆனால் குழுவுக்கான சேவைக் கட்டணமும் வாகனக் கட்டணமும் வரியும் அதோடு சேரும். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த உறவினர் இருந்தால், அவருக்குப் பல மடங்கு கட்டணம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று மனஸ்தாபம் வேண்டாம்.

ஏறுமுன் சாரதியிடம் ஒன்றைத் தெளிவாகப் பேச வேண்டும்: யானையைத் துரத்த வேண்டாம், கிட்டப் போக வேண்டாம். நிறைய ஜீப்புகள் ஒரே கூட்டத்தைச் சூழ்வதுதான் மின்னேரியாவில் எனக்குப் பிடிக்காதது. கிட்டப் போனால்தான் உங்களுக்குத் திருப்தி என்று சாரதிமார் நினைக்கிறார்கள். தள்ளி நிறுத்தி இயந்திரத்தை அணைக்கச் சொன்னபோதுதான், தாய் யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றதைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுகளுக்கும் இடமில்லைத்தானே" என்றாள்.

திரும்பும்போது ஹபரணயில் இருட்டும்வரை நிற்காதீர்கள். அந்த வீதிகளை யானைகள் இரவில் கடக்கும், வெளிச்சமும் குறைவு.