புற்றுநோய் பரம்பரையாக வருமா?

"எங்கள் பாட்டிக்குப் புற்றுநோய் இருந்தது. எனக்கும் வருமா?" மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புற்றுநோய் எதுவானாலும் அது செல்லின் ஜீன்களில் ஏற்படும் கோளாறிலிருந்து பிறப்பதுதான். ஆனால் அந்தக் கோளாற்றைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்கள் நோயாளிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு அது பிறந்த பிறகு, உடலின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது. ஜீன்களின் நோய் வேறு, பரம்பரை நோய் வேறு.

இந்த வேறுபாட்டை விஞ்ஞானிகளுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது கைக்குழந்தைகளின் கண்ணில் வரும் ஓர் அரிய நோய். அதற்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். விழித்திரைப் புற்று எனலாம். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது, அதுவும் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஃபிளாஷ் விளக்குப் போட்டுப் படம் எடுத்தால் கண்பாவை சிவப்பாகத் தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணின் பின்புறமுள்ள இரத்தக் குழாய்களில் பட்டு ஒளி திரும்புவதால் வரும் நிறம் அது. இந்த நோயுள்ள கண் சிவப்பாகத் தெரியாமல் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னும். (சில கோணங்களில் நல்ல கண்ணும் அப்படித் தெரிவதுண்டு. ஆயினும் உடனே கண் மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை.)

இந்த நோயில் ஒரு புதிர் இருந்தது. சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும் கட்டிகள் வந்தன. அவர்களுக்கு நோய் ஒரு வயதையொட்டியே தெரிந்துவிடும். சில குடும்பங்களில் தாய்க்கோ தந்தைக்கோ முன்பு அதே நோய் இருந்திருக்கும். வேறு சிலருக்கோ ஒரே கண்ணில் ஒரே கட்டி. இரண்டு வயதையொட்டித்தான் தெரியும். குடும்பத்தில் யாருக்கும் நோய் இருந்திராது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே நோய்தான். அப்படியானால் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு தாயமா, இரண்டு தாயமா?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம். டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்ஃபிரட் நூட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதற்கு விடை கண்டார். ஜீனின் எழுத்துக்களைப் படிக்கும் முறை அப்போது கிடையாது. அவர் கையில் இருந்தவை 48 குழந்தைகளின் பழைய மருத்துவக் குறிப்புகளும், வரைபடத் தாளும்தான். 1971-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரத்தைத் தாயக்கட்டையைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். வகுப்பில் செய்து பாருங்கள்.

36 மாணவர்கள் ஆளுக்கொரு ஆறுமுகப் பகடையை உருட்டட்டும். 1 விழுந்தால் தாயம். தாயம் போட்டவர் வெளியேறிவிட வேண்டும். சராசரியாக முதல் சுற்றில் 6 பேர் போவார்கள்; மீதி 30. அடுத்த சுற்றில் 5 பேர், மீதி 25. ஒவ்வொரு சுற்றிலும் மீதியிருப்பவர்களில் ஆறில் ஒரு பங்கு குறையும். மீதியை மடக்கை அளவில் வரைந்தால் நேர்கோடு கிடைக்கும்.

இப்போது விதியை மாற்றுங்கள். இரண்டு முறை தாயம் விழுந்தால்தான் வெளியேறலாம். முதல் சுற்றில் எவரும் போக முடியாது. இரண்டாவது சுற்றில் ஒருவர் போகலாம். மூன்றாவதில் ஒருவரோ இருவரோ. கோடு முதலில் படுத்துக் கிடந்து, பிறகுதான் வளைந்து இறங்கும்.

எந்த வயதில் இன்னும் எத்தனை குழந்தைகளுக்கு நோய் கண்டறியப்படாமல் மீதியிருக்கிறது என்று நூட்சன் இதேபோல் வரைந்தார். இரு கண்ணிலும் நோய் வந்தவர்களுக்கு நேர்கோடு. ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு வளைகோடு. ஆகவே முதல் வகையினருக்கு ஒரு விபத்தே போதும். இரண்டாம் வகையினருக்கு இரண்டு வேண்டும். ஆனால் நோய் ஒன்றே அல்லவா? எனவே எல்லோருக்கும் இரண்டு விபத்துகள் தேவை என்றும், முதல் வகைக் குழந்தைகள் ஒன்றை ஏற்கனவே சுமந்துகொண்டே பிறந்திருக்கிறார்கள் என்றும் அவர் முடிவு கட்டினார். ஒரு வரைபடத்திலிருந்து இவ்வளவு தூரம் போனது, என் கருத்தில், மருத்துவ விஞ்ஞானத்தின் மிக அழகான ஊகங்களில் ஒன்று.

ஊகம் மெய்யானது. 1983-இல் கட்டிகளின் செல்களை ஆராய்ந்தபோது 13-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் இரண்டு பிரதிகளுமே பழுதாகியிருப்பதற்கான சான்று கிடைத்தது. 1986-இல் அந்த ஜீனையே பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஆர்பி1 என்று பெயர். செல் பிளவுபடத் தொடங்கும் முன் அதை நிறுத்திப் பிடிக்கும் புரதத்தை உண்டாக்குவது அதன் வேலை. சைக்கிளில் முன் பிரேக், பின் பிரேக் என இரண்டு இருப்பதுபோல, நம் ஒவ்வொரு செல்லிலும் தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். இரண்டும் போனால்தான் ஆபத்து.

மெண்டல் பாடம் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் என்றால் இது ஒடுங்கு பண்பு அல்லவா? குடும்பத்தில் மட்டும் ஓங்கு பண்பு போலத் தலைமுறை தலைமுறையாக வருகிறதே! காரணம், செல்களின் எண்ணிக்கை. ஒரு பிரேக் இல்லாமல் பிறந்த குழந்தையின் விழித்திரையில் பிளவுபட்டு வளரும் செல்கள் பல இலட்சம். ஒவ்வொன்றும் பகடை உருட்டுகிறது. ஏதோ ஓரிரு செல்களில் இரண்டாவது பிரதியும் கெட்டுவிடுகிறது. சராசரியாக ஒரு குழந்தைக்கு மூன்று கட்டிகள் என்று நூட்சன் கணக்கிட்டார். சராசரி மூன்று என்றால், நிகழ்தகவின்படி நூற்றில் ஐந்து பேருக்குக் கட்டியே வராமலும் போகலாம். பழுதான ஜீனைச் சுமந்தும் இரு கண்களும் நன்றாக உள்ள பெற்றோர் சிலர் இருப்பது இதனால்தான். விழித்திரைச் செல்கள் சில ஆண்டுகளில் பிளவுபடுவதை நிறுத்திக்கொள்கின்றன. பிறகு இந்தப் பகடையாட்டமும் முடிந்துவிடுகிறது.

இந்தப் பிரேக் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. புகை பிடிப்பவர்களுக்கு வரும் சிறுசெல் நுரையீரல் புற்றில் ஏறக்குறைய எப்போதும் ஆர்பி1 செயலிழந்திருக்கிறது. அங்கே எவரும் பழுதுடன் பிறக்கவில்லை. இரண்டு பிரதிகளும் வாழ்நாளில் கெட்டவை. கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இன்னும் தந்திரமானது. அது ஜீனைத் தொடுவதே இல்லை. தன் புரதம் ஒன்றைக் கொண்டு ஆர்பி புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. அந்த வைரஸுக்கு இன்று தடுப்பூசி உண்டு.

சோதனை யாருக்குப் பயன்படுகிறது?

ஒரு வீட்டில் மூத்த குழந்தைக்கு இரு கண்களிலும் இந்த நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாவது குழந்தை பிறக்கிறது. முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? பழுது உள்ளதா என்று அறிய வழியில்லாததால், அந்தப் பச்சைக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துக் கண்களைப் பரிசோதித்தார்கள். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இன்று முதலில் மூத்த குழந்தையின் இரத்தத்தில் ஆர்பி1 ஜீனைப் படித்து, எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் தம்பியிடமோ தங்கையிடமோ பார்த்தால் போதும். மாற்றம் இருந்தால், பிறந்த முதல் வாரங்களிலேயே கண்களைக் கவனிக்கத் தொடங்கலாம். கட்டி கடுகளவில் இருக்கும்போதே லேசர் ஒளியாலும் குளிர் சிகிச்சையாலும் அழித்தால், உயிர் மட்டுமன்றிப் பார்வையும் தப்பும். மாற்றம் இல்லாவிட்டால், ஊரிலுள்ள மற்றக் குழந்தைகளைப் போலத்தான் அதுவும். மயக்க மருந்தே வேண்டாம். ஆபத்தைச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து இல்லை என்று சொல்வதும் அதே அளவு பெரிய உதவி.

பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் இரு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் இருவரிடமும் பழுது காணப்படுவதில்லை. தந்தையின் விந்தணுவிலோ தாயின் முட்டையிலோ அது புதிதாகத் தோன்றியிருக்கும். பரம்பரை என்பது அந்தக் குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. எனவே அம்மா வழியா, அப்பா வழியா என்று உறவினர்கள் குற்றம் தேடுவதில் பொருளே இல்லை.

சோதனையால் சிகிச்சையும் மாறுகிறது. பழுதுடன் பிறந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் எலும்புப் புற்று வரும் ஆபத்து அதிகம். கண்ணுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தால் அது மேலும் கூடுகிறது. ஆகவே அவர்களுக்குக் கதிர்வீச்சை இயன்றவரை தவிர்க்கிறார்கள்.

மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று ஆகியவற்றுடன் தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற ஜீன்கள் 1994-இலும் 1995-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கும் ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்கள் உண்டு; ஆண்களும் அதைப் பெற்றுத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சோதனையைக் கைக்குழந்தைகளுக்கோ உங்கள் வயதினருக்கோ பொதுவாகச் செய்வதில்லை. அந்த நோய்கள் வளர்ந்தபின் வருபவை; சிறு வயதில் தெரிந்துகொண்டு செய்வதற்கும் ஒன்றுமில்லை. 18 வயது நிறைந்த பிறகு, மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்து, வேண்டுமா வேண்டாமா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.