பந்தியில் முந்த வேண்டியவர் யார்?

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் நம் வீட்டு விசேஷங்களில் நடப்பது வேறு. குழந்தைகளையும் முதியோரையும் கர்ப்பிணிகளையும் முதற்பந்தியில் அமர்த்திய பின்னரே வீட்டார் இலை முன் உட்காருவர். இந்த நல்வழக்கத்தை நாம் கைக்கொள்ள வேண்டிய மற்றோர் இடமும் உண்டு. இன்புளுவென்சாத் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு நேரும் காலமே அது.

இலங்கையில் இக்காய்ச்சல் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொரு தடவை. கண்டி நகரின் நெரிசல் மிக்க பஸ் வண்டிகளிலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளின் லயன் அறைகளிலும் அது எளிதிற் பரவும். திங்களன்று ஒரு மாணவன் தும்மினால், வெள்ளிக்கிழமை வகுப்பு வாங்குகள் வெறிச்சோடிக் கிடப்பதை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம்.

போலியோ, சின்னமுத்து முதலியவற்றுக்கான தடுப்பூசிகளை அரசு இலவசமாகவே அளிக்கிறது. இன்புளுவென்சா ஊசியோ அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை. பெரும்பாலான பெற்றோர் அதைத் தனியார் வைத்தியசாலைகளிலேயே பணம் கொடுத்துப் பெற வேண்டியிருக்கிறது. நோய் பரவிய பின் எல்லோரும் ஒருங்கே ஓடினால், இருப்புத் தீர்வதில் வியப்பென்ன?

நினைத்தவுடன் இதனை மேலும் தயாரித்துவிடவும் இயலாது. இந்நோயின் வைரசு அடிக்கடி உருமாறுவது. ஆகவே எவ்வகைகளுக்கு மருந்து செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் அறிவிக்கிறது. அதன்பின் பெரும்பகுதி மருந்து கோழிமுட்டைகளில் வைரசை வளர்த்தே ஆக்கப்படுகிறது. இதற்கு ஏறக்குறைய 6 மாதங்கள் ஆகின்றன.

செல்வம் மிக்க நாடும் இத்தொல்லைக்கு விலக்கன்று. 2004 ஒக்டோபர் 5ஆம் திகதி, லிவர்பூலிலிருந்த கைரன் தொழிற்சாலையின் உரிமத்தைப் பிரித்தானிய அதிகாரிகள் இடைநிறுத்தினர். மருந்தில் பக்டீரியாக் கலப்பு காணப்பட்டதே காரணம். அமெரிக்கா எதிர்பார்த்திருந்த தடுப்பூசியில் ஏறக்குறையப் பாதி ஒரே நாளில் கைநழுவிற்று. அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் உடனே ஒரு வரிசையை வகுத்தனர். 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகள், 65 வயதைக் கடந்தோர், நாட்பட்ட நோயாளர், கர்ப்பிணிகள், நோயாளரைக் கவனிக்கும் ஊழியர், 6 மாதத்துக்குட்பட்ட சிசுக்களைப் பராமரிப்போர் ஆகியோருக்கே முதலிடம். திடகாத்திரமானவர்கள் விட்டுக்கொடுக்குமாறு வேண்டப்பட்டனர்.

சிசுவைப் பராமரிப்போர் எதற்காக என்று வாசகர் வினவலாம். 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இவ்வூசி போடப்படுவதில்லை. ஆனால் நோயால் மிகவும் வாடுவது அக்குழந்தையே. தாய் கர்ப்பக் காலத்தில் ஊசி பெற்றால், அவளுடைய எதிர்ப்புச் சக்தி சிசுவையும் சென்றடைகிறது. அத்துடன், 9 வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறையாக இவ்வூசியைப் பெறும்போது, பொதுவாகக் குறைந்தது 4 வார இடைவெளியில் இரு தடவை போடுவர். ஒன்றோடு நின்றுவிட்டால் பாதுகாப்புக் குறையும். ஊசி பெற்று ஏறத்தாழ இரு வாரங்கள் சென்ற பின்னரே முழுப்பயன் கிட்டும்.

காத்திருக்கும் பிள்ளைகள் கதியற்றவர்கள் அல்லர். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், முழங்கையால் வாயை மறைத்து இருமுதல், காய்ச்சலுள்ள பிள்ளையைப் பரீட்சை நாளாயினும் வீட்டில் நிறுத்துதல் ஆகியவை பணம் வேண்டாத காவல்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. மூச்சு வேகமாக வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், உதடு நீலம் பாரித்தல், நீராகாரத்தையும் மறுத்தல் என்பன கண்டால், கைமருந்தில் காலம் கடத்தாது பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இருக்கும் ஊசி ஒன்றேயாயின், ஓடி விளையாடும் நம் பிள்ளைக்கு முன்னர், அடுத்த வீட்டில் ஆஸ்துமாவால் இரவெல்லாம் இளைக்கும் பிள்ளைக்கு அது சேரட்டும். அப்பிள்ளையைக் காப்பதால் நாம் இழப்பது சில வாரக் காத்திருப்பு மட்டுமே. அவ்வீட்டாரோ ஓர் உயிரையே இழக்கக்கூடும்.