பேபி பார்க்கைத் தூக்காதீங்க, ப்ளீஸ்

எங்க ஹாஸ்டல் மரியோ கார்ட் போட்டிக்கு இந்த வருஷம் ஒரு கோரிக்கை: "ஃபைனல்ல பேபி பார்க் வேண்டாம். அது திறமையே இல்ல, வெறும் லக்." சொன்னவர், போன வருஷம் கடைசிச் சுற்றில் முதலிடத்திலிருந்து ஏழாவதுக்குப் போன சீனியர். அண்ணன் வலி புரியுது. ஆனா அது லக் இல்ல.

2003-ல் கேம்க்யூபுக்கு வந்த 'டபுள் டேஷ்'லதான் பேபி பார்க் முதல்ல வந்தது. ரெண்டு நேர்ப்பாதை, ரெண்டு யூ-டர்ன். அவ்வளவுதான் டிராக். வழக்கமா மூணு சுற்று, இங்கே ஏழு. 2015-ல் 'மரியோ கார்ட் 8'க்கு அது திரும்பி வந்தப்போ ஓடுற வண்டி பன்னிரண்டு.

நம்ம சிதம்பரத்துத் தேர்வீதிகளை நினைச்சுக்கோங்க. நாலு வீதியும் ஒரே வளையம். ஆனா நடுவுல கோயில் இருக்கிறதால கீழவீதி கலாட்டா மேலவீதிக்குத் தெரியாது. கோயிலை எடுத்துட்டு அங்கே ஒரு மெலிசான திட்டு மட்டும் இருந்தா அதுதான் பேபி பார்க் (நடராஜர் மன்னிக்கணும்). இந்தப் பக்கம் விட்ட கிரீன் ஷெல் திட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறவனைச் சாய்க்கும்.

அதைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. இந்த ஆட்டத்துல பின்னாடி இருக்கிறவனுக்குத்தான் ஸ்டார் மாதிரி பெரிய ஐட்டம் கிடைக்கும். முதல்ல போறவனுக்குக் காசும் வாழைப்பழத்தோலும்தான். பெரிய டிராக்ல அவங்க ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டாங்க. இங்கே வளையம் சின்னது. முதல் ஆள் வேகமாப் போகப் போக, கடைசி ஆளோட முதுகுலதான் போய் முட்டுவான். நிஜ ரேஸ்ல ஒரு சுற்று பின்தங்கினவனுக்கு நீலக்கொடி காட்டி வழிவிடச் சொல்வாங்க. இங்கே அவன் வழிவிட மாட்டான், தோலைப் போடுவான்.

அப்போ முதலிடத்துல இருந்தா என்ன பண்றது? கையில இருக்கிறதை எறியக் கூடாது. பட்டனை விடாம அழுத்தி, தோலை வண்டிக்குப் பின்னாடியே பிடிச்சு வச்சிருக்கணும். பின்னாலிருந்து வர்ற ஷெல்லை அது வாங்கிக்கும். 'மரியோ கார்ட் 8'ல இந்த டிராக் ஆன்டி கிராவிட்டி. அதனால பக்கத்து வண்டியை இடிச்சா ரெண்டு பேருக்கும் வேகம் கூடும். கூட்டத்தைப் பார்த்து ஒதுங்குறவன்தான் இங்கே தோப்பான்.

போன வருஷம் ஜெயிச்சது கடலூர்லேர்ந்து தினமும் பஸ்ல வந்துபோற ஃபர்ஸ்ட் இயர் பையன். கடைசி ரெண்டு சுற்றும் ஒரே ஒரு தோலைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினான். அண்ணன் கையில இருந்த ரெட் ஷெல்லை அஞ்சாவது சுற்றுலயே எறிஞ்சு தீர்த்திருந்தார்.

ஓட்டெடுப்புல பேபி பார்க் தப்பிச்சிடுச்சு. ஃபைனல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சரைக்கு. சீக்கிரம் வந்துடுங்க, பையனுக்கு பஸ் பிடிக்கணும்.