மதிலில்லா வரலாற்று நகர்

இங்கிலாந்திலுள்ள யார்க் நகரம், கி.பி. 71இல் உரோமானியப் படைமுகாமாகத் தோன்றியது. அதன் கல்மதில்மீது நடந்தே பயணிகள் பழமையைக் கண்டு மகிழ்கின்றனர். சென்னையின் தென்புறத்திலும் அத்தகைய வரலாற்று உலாவுக்கு இடமுண்டு; ஆயின், இங்கு வழிகாட்ட மதில் இல்லை.

பொழிச்சலூரில் இவ்வுலாவைத் தொடங்கலாம். வானூர்தி நிலையத்தை அடுத்துள்ள இவ்வூரின் அகத்தீசுவரர் கோயில், சனீசுவரர் சன்னிதியால் ‘வடதிருநள்ளாறு’ எனப் போற்றப்படுகிறது. அருகிலுள்ள பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் அவனுடைய விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த ஆங்கிலேயர் இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் செம்மண் சரளையில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தமையை உலகிற்கு உணர்த்திய கண்டுபிடிப்பு அது. யார்க் நகரம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது அக்கருவி.

நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள தொல்லிடங்களைச் சுற்றி 100 மீட்டர்வரை புதுக்கட்டடம் எழுப்புவதை 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். பல்லாவரத்தில் சொந்த மனையில் வீடெழுப்ப விழைவோரை இவ்விதி தடுக்கிறது. தொன்மையும் காக்கப்பட வேண்டும். மக்களுக்கு உறைவிடமும் வேண்டும். யார்க்கின் மதில் தன் பழமையைத் தானே பறைசாற்றும். மண்ணுள் கிடக்கும் கல்லோ அறிந்தவர் கண்ணுக்கே புலப்படும். எனவே, காக்கப்படுவது எது, ஏன் என்பதை அங்கு வாழ்வோர்க்குத் தெளிவாக உணர்த்துவதே பாதுகாப்பின் முதற்படியாகும்.